எருசலேமில் மூன்று மதத்துப் புனித இடங்களையும் ஒரே வாரத்தில் பார்க்க: டிக்கெட் போடும் முன் கிழமையைப் பாருங்கள்

அம்மா வேளாங்கண்ணிக்கு வருஷம் தவறாமல் நடந்தே போனவர். சாவதற்குள் ஆண்டவர் நடந்த மண்ணை மிதித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. என் நண்பன் காயல்பட்டினத்துக்காரன், அவனுடைய உம்மாவுக்கு பைத்துல் முகத்தஸில், அதாவது எருசலேமின் அக்ஸா பள்ளிவாசலில், இரண்டு ரக்அத் தொழ வேண்டும். இரண்டு ஆசைக்கும் ஊர் ஒன்றுதானே, சேர்ந்தே போகலாம் என்று கிளம்பினோம். குழுவோடு போகாமல் நாங்களாகவே எல்லாம் ஏற்பாடு செய்தோம். போய் இறங்கியது ஒரு வியாழக்கிழமை இரவு. அந்த ஒரு தவறால் முதல் மூன்று நாள் குழம்பிப்போனது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அக்ஸா வளாகத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்களை, அதாவது அம்மாவை, விடமாட்டார்கள். வெள்ளி மாலையிலிருந்து யூதர்களின் ஓய்வுநாள், ரயில் இல்லை, பஸ் இல்லை. ஞாயிறு காலை கிறிஸ்தவக் கோவில்களில் ஆராதனை நடந்ததால் இயேசுவின் கல்லறைக்குள் நுழைய வெகுநேரம் காத்திருந்தோம். எழுபது வயதான இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கல்படிகளில் ஏறி இறங்கி மூடிய கதவுகளைப் பார்த்துத் திரும்பிய வேதனை வேறு யாருக்கும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் கிழமை, அப்புறம் டிக்கெட்

பயணத் திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். பழைய நகரத்துக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. மதில் சூழ்ந்த அந்தப் பழைய நகரம் மொத்தமே ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. யூதர்கள் வழிபடும் மேற்குச் சுவரிலிருந்து இயேசுவின் திருக்கல்லறைக் கோவிலுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நடந்துவிடலாம். அங்கே எது எப்போது திறந்திருக்கும் என்பதுதான் சிக்கல். மூன்று மதத்துக்கும் மூன்று கிழமை, மூன்று காலண்டர்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை. அன்று மதியம் டமாஸ்கஸ் வாசல் பக்கமும் முஸ்லிம் பகுதித் தெருக்களிலும் நடக்கவே முடியாத கூட்டம் இருக்கும், போலீஸ் தடுப்புகளும் அதிகம். அன்று சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை யூத ஓய்வுநாள், அதாவது ஷபாத். விமான நிலையத்திலிருந்து எருசலேமுக்கு வரும் ரயில் வெள்ளி பிற்பகலே நின்றுவிடும், சனி இரவுதான் மறுபடி ஓடும். ஞாயிறு காலை கிறிஸ்தவக் கோவில்கள் ஆராதனையில் இருக்கும்.

ஆகவே சனி நள்ளிரவிலோ ஞாயிற்றுக்கிழமையோ இறங்கும்படி டிக்கெட் போடுங்கள், அடுத்த சனி இரவுக்கு மேல் திரும்புங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை எல்லா மதத்தவரும் எல்லா இடத்தையும் பார்க்க ஐந்து நாள் கிடைக்கும். வெள்ளி பிற்பகல் இயேசு சிலுவை சுமந்த வழியில் பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்தும் சிலுவைப் பாதை ஊர்வலம், அன்று மாலை மேற்குச் சுவரில் ஓய்வுநாள் தொடக்கம், இரண்டும் வெள்ளிக்கு மட்டுமே உரியவை. அதனால் பயணத்துக்குள் ஒரு வெள்ளி கட்டாயம் வர வேண்டும், ஆனால் அது முதல் நாளாக இருக்கக் கூடாது.

பண்டிகைகளையும் பாருங்கள். யூதர்களின் யோம் கிப்பூர் அன்று விமான நிலையமே மூடியிருக்கும். நோன்பு மாதத்தில், குறிப்பாகக் கடைசிப் பத்து நாளில், அக்ஸா வளாகத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்களை விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கத்திய கிறிஸ்தவப் பிரிவான ஆர்த்தடாக்ஸ் சபையாரின் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை திருக்கல்லறைக் கோவிலைச் சுற்றித் தெருக்களையே அடைத்துவிடுவார்கள். இயேசு பிறந்த பெத்லகேமில் கிறிஸ்துமஸ் மூன்று முறை வரும்: டிசம்பர் 25 கத்தோலிக்கர்களுக்கு, ஜனவரி 7 ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கு, ஜனவரி 18 இரவு தொடங்கி 19 வரை ஆர்மீனியர்களுக்கு.

இன்னொன்று. இஸ்ரேலில் நிலைமை ஒரே வாரத்தில் மாறும். டிக்கெட் போடும்போதும், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பும் நம் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் படியுங்கள். கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தாவது தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள்.

2. விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. 2025 ஜனவரியிலிருந்து சுற்றுலாவுக்கு இ-விசா வந்துவிட்டது, ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். இங்கேதான் பலரும் மாட்டும் முதல் பொறி இருக்கிறது. விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களுக்கென்று ‘இடிஏ’ என்று தனியாக ஓர் அனுமதி உண்டு, அதுவும் அதே மாதம்தான் கட்டாயமானது, 25 ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்) கட்டணம். தேடினால் அதுதான் முதலில் வரும். அது நமக்குச் செல்லாது. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ கனடாவிலோ குடியுரிமை பெற்ற தமிழர்களுக்குத்தான் அது பொருந்தும். இரண்டையும் போட்டுக் குழப்பிக் காசு பறிக்கும் போலித் தளங்களும் உண்டு. இஸ்ரேல் அரசின் தள முகவரியில் ‘கவ் டாட் ஐஎல்’ என்று இருக்கும், அது இல்லாவிட்டால் கார்டு எண்ணைத் தட்டாதீர்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், போகவர டிக்கெட், எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலையில் இருந்தால் அலுவலகக் கடிதம், ஓய்வு பெற்றவர் என்றால் ஓய்வூதியப் புத்தக நகல், பயணக் காப்பீடு. பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் உறவைக் காட்டும் ஏதாவது ஒரு சான்றும் வைத்திருங்கள். என் அம்மாவின் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிவாக இருந்தது, என்னுடையதில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருந்தது, இரண்டு பேரும் தாயும் மகனும் என்று விளக்கவே நேரமானது. கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள்.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தமாட்டார்கள். நீல நிறத்தில் சின்னதாக ஒரு சீட்டுத் தருவார்கள். அதுதான் நீங்கள் முறைப்படி நாட்டுக்குள் வந்ததற்குச் சான்று. பெத்லகேம் போய்த் திரும்பும்போது கேட்பார்கள், ஹோட்டலில் கேட்பார்கள். தொலைத்துவிடாமல் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நுழையும்போது கேள்வி கேட்பார்கள்: ஏன் வந்தீர்கள், யாரோடு, எங்கே தங்குகிறீர்கள், யாரையாவது தெரியுமா. சில பேருக்கு இரண்டு நிமிடம், சில பேருக்கு இரண்டு மணி நேரம். நண்பனும் உம்மாவும் தனியாக உட்கார வைக்கப்பட்டார்கள், நாங்கள் வெளியே காத்திருந்தோம். நாள்வாரித் திட்டத்தை ஒரே தாளில் ஆங்கிலத்தில் அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள். கேட்டதற்கு மட்டும், உண்மையாக, சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும்.

3. குழுப் பயணமா, தனியாகவா

நம்மூரில் விளம்பரம் செய்யும் பயணங்கள் பெரும்பாலும் எகிப்து, இஸ்ரேல், ஜோர்தான் மூன்றையும் பத்து நாளில் சுற்றிக் காட்டுகிறவை. முதியவர்களுக்குச் சாப்பாடும் துணையும் கிடைக்கும் என்பதால் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பணம் கட்டும் முன் கேளுங்கள்: எருசலேமில் எத்தனை முழு நாள், அவை எந்தக் கிழமைகள்? ராத்தங்கல் எருசலேமிலா பெத்லகேமிலா? அக்ஸா வளாகம் உண்டா, மேற்குச் சுவர் உண்டா? பல திட்டங்களில் மேற்குச் சுவர் பதினைந்து நிமிடம்தான் இருக்கும், அக்ஸா வளாகம் இருக்கவே இருக்காது. ஜோர்தான் வழியாகத் திரும்புவதாக இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள், ஜோர்தான் எல்லையில் உள்ள ஆலன்பி பாலத்தில் ஜோர்தான் விசா வாங்க முடியாது, முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது, துபாய் அல்லது அபுதாபி மாறிப் போவதுதான் வசதி.

குருவானவரைக் கூட்டிப் போய்த் தமிழில் பூசை வைக்க ஆசைப்படும் பங்குக் குழுக்கள் பிரான்சிஸ்கன் சபையாரிடம் முன்பதிவு செய்ய வேண்டும். குருவானவர் தம் மறைமாவட்டம் கொடுத்த குருத்துவ அடையாளச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். யாப்பா வாசல் அருகே அவர்களுடைய கிறிஸ்தவத் தகவல் மையம் இருக்கிறது. எந்தக் கோவிலில் எத்தனை மணிக்கு எந்த மொழியில் பூசை என்ற பட்டியல் அங்கே கிடைக்கும்.

4. தங்குமிடம்

பழைய நகரத்துக்கு உள்ளேயோ மதிலை ஒட்டியோ தங்குங்கள். வெளியே மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஓய்வுநாளில் பஸ் ஓடாது, முதியவர்கள் நடந்தே வர வேண்டியிருக்கும். சபைகள் நடத்தும் யாத்ரீகர் விடுதிகள் நிறைய உண்டு. எளிமையான, சுத்தமான அறைகள், காலைச் சாப்பாடும் சேர்த்து. மதம் பார்ப்பதில்லை. முன்பதிவு செய்யும்போதே ‘லிஃப்ட் உண்டா, வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி’ என்று கேளுங்கள். பழைய நகரத் தெருக்கள் பலவற்றில் வண்டியே போகாது, பெட்டியைப் படிப்படியாகத் தூக்கித்தான் போக வேண்டும். தேய்ந்து வழுவழுத்த கல் அது, மழை பெய்தால் சறுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாமல் முதியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்குத் தங்குமிடக் கட்டணத்தில் 18 சதவீத வரி விலக்கு உண்டு. அதற்குத்தான் அந்த நீலச் சீட்டு. பில் போடும் முன்பே காட்டிவிடுங்கள்.

5. உடை, தலை, கால், பை

கோவிலுக்குள் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். யூதர்களின் இடத்தில் ஆண்கள் தலையை மூட வேண்டும். பள்ளிவாசலுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும். ஒரே நாளில் மூன்றையும் செய்யப் போகிறீர்கள், அதனால் சுலபமாகக் கழற்றி மாட்டும் ஷூ போடுங்கள். மேற்குச் சுவர் வாசலில் கிப்பா எனும் குல்லாய் இலவசமாக வைத்திருப்பார்கள்.

பெண்களுக்கு: தோளும் முழங்காலும் மூடியிருந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். சேலை கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, இடுப்பு தெரிந்தால் அக்ஸா வளாக வாசலில் நிறுத்துவார்கள். பெரிய துப்பட்டா ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். அம்மா முதல் நாளுக்குப் பிறகு முழுக்கைச் சட்டையோடு சுடிதாருக்கு மாறிவிட்டார்.

6. மேற்குச் சுவரும் அக்ஸா வளாகமும்

இரண்டும் ஒட்டியே இருப்பதால் ஒரே காலையில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை ஒரு நாள் நல்லது.

நம்மில் பலர் ‘அழுகைச் சுவர்’ என்கிறோம், யூதர்கள் அந்தப் பெயரை விரும்புவதில்லை. கோட்டெல் என்பார்கள், மேற்குச் சுவர் என்றே சொல்லுங்கள். 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. மன்றாட்டைச் சீட்டில் எழுதிக் கல் இடுக்கில் வைக்கலாம், எந்த மதத்தவரும் வைக்கலாம். வருஷத்துக்கு இரண்டு முறை அந்தச் சீட்டுகளை எடுத்து, குப்பையில் போடாமல், ஒலிவ மலையில் மரியாதையோடு புதைக்கிறார்கள். வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்கியதும் அங்கே எழுதக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, போனை வெளியே எடுக்கவே கூடாது. சீட்டு வைக்க வேண்டுமென்றால் மற்ற நாளில் போங்கள். அடியில் இருக்கும் சுரங்கப் பாதையைப் பார்க்க ஆன்லைன் முன்பதிவு தேவை, ஏறக்குறைய 40 ஷெக்கல்.

அக்ஸா வளாகத்துக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் போக ஒரே வழிதான். மேற்குச் சுவர்த் திடலின் வலப்பக்கம் மேலேறும் மரப்பாலம் வழியாக மொகரபி வாசல். ஞாயிறு முதல் வியாழன் வரை காலையில் சுமார் மூன்று மணி நேரம், மதியத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இது மாறும் என்பதால் முந்தின நாளே திடலில் நிற்கும் போலீஸிடம் கேட்டுக்கொண்டு, திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள். தங்கக் குவிமாடப் பள்ளி, அக்ஸா பள்ளி இரண்டின் உள்ளேயும் முஸ்லிம்கள் மட்டுமே போகலாம். மற்றவர்கள் வெளியே அந்தப் பெரிய முற்றத்தில் நடக்கலாம். அங்கே இஸ்லாம் அல்லாத வேறு எந்த முறையிலும் செபிக்கக் கூடாது, உதடு அசைத்தாலும் காவலர்கள் வருவார்கள்.

நாங்கள் பட்டது இங்கேதான். ஞாயிறு பதினொன்றே காலுக்குப் போய் நின்றோம், நேரம் முடிந்திருந்தது. மறுநாள் சீக்கிரம் போனோம், சோதனையில் அம்மாவின் கைப்பையிலிருந்து செபமாலை வந்தது. வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் வாங்கிய சாதாரண மரமணி மாலை, அப்பா இறந்த அன்று கையில் வைத்திருந்தது. உள்ளே கொண்டு போகக் கூடாது என்றார்கள். பைபிள், சிலுவை, செபப் புத்தகம் எதுவும் கூடாது. விட்டுவிட்டுப் போக அம்மாவுக்கு மனமில்லை. கடைசியில் நான் வெளியே மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அம்மா தனியாக உள்ளே போய்வந்தார். அன்று பைகளைக் காலி செய்துவிட்டுப் போங்கள், பாஸ்போர்ட்டும் தண்ணீரும் போதும்.

முஸ்லிம்களுக்கு இந்தப் பாலம் இல்லை. முஸ்லிம் பகுதித் தெருக்களிலிருந்து வளாகத்துக்குள் போகும் மற்ற வாசல்கள் வழியாக, எல்லா நாளும், தொழுகை நேரத்திலும் போகலாம். வாசலில் முஸ்லிம்தானா என்று கேட்பார்கள், குர்ஆனின் பாத்திஹா சூராவை ஓதிக் காட்டச் சொல்வதும் உண்டு. உம்மா அங்கேயே நின்று முழுவதும் ஓதி முடித்த பிறகுதான் நகர்ந்தார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய உள்ளேயே வசதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

அந்தப் பக்கமே ஏரோது வாசலுக்கு அருகில் இந்திய ஸாவியா இருக்கிறது. பஞ்சாபின் சூஃபி மகான் பாபா ஃபரீத் வந்து தங்கித் தியானித்த இடமாகச் சொல்லப்படுவது. ‘இந்தியா’ என்ற பெயர்ப் பலகையைப் பார்த்து உம்மா கண்கலங்கினார்.

7. திருக்கல்லறைக் கோவில்

விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வேறு எந்த ஆலோசனையை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அதிகாலை ஐந்து, ஐந்தரைக்குப் போனால் கல்லறைக்குள் பத்து நிமிடத்தில் நுழையலாம். பத்து மணிக்கு மேல் குழுக்கள் வந்துவிட்டால் கூட்ட நாளில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கட்டணம் கிடையாது. ‘டிக்கெட் வாங்க வேண்டும், நான் உள்ளே கூட்டிப் போகிறேன்’ என்று வெளியில் யாராவது வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டிக், எத்தியோப்பியர், சிரியன் என ஆறு சபைகளுக்கு அங்கே உரிமை. ஒருவர் ஆராதனை நடக்கும்போது மற்றவர்களை நிறுத்தி வைப்பார்கள், கோபப்படாமல் காத்திருங்கள். கதவின் சாவியோ இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில். ஜூதே குடும்பத்தார் சாவியை வைத்திருக்கிறார்கள், நுசைபா குடும்பத்தார் கதவைத் திறந்து மூடுகிறார்கள். திறக்கும் நேரத்துக்கு முன்பே முற்றத்தில் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம், ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த கல்வாரிக்குப் போகும் படி செங்குத்து, கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். நேரே எதிரில் ஆண்டவரின் உடலுக்குத் தைலம் பூசிய கல். ஊரிலிருந்து கொண்டு போன செபமாலை, கைக்குட்டை, நேர்ச்சைத் துணி எல்லாம் அதன் மேல் வைத்துத் தொட்டு எடுப்பார்கள். நிறமும் மணமும் கலந்த எண்ணெய் அதில் எப்போதும் படிந்திருக்கும், துணியில் ஏறினால் போகாது. அம்மா அந்தக் கைக்குட்டையைத் துவைக்கவே விடவில்லை.

வெள்ளி பிற்பகல் சிலுவைப் பாதை குளிர்காலத்தில் 3 மணிக்கு, கோடையில் 4 மணிக்கு, சிங்க வாசல் பக்கத்திலிருந்து கிளம்பும். 14 தலங்களில் கடைசி ஐந்து இந்தக் கோவிலுக்குள்ளேயே. கூட்டத்தில் பர்ஸ் பத்திரம்.

8. ஒரே இடத்தை எல்லோரும் கும்பிடும் சில இடங்கள்

எனக்கு இந்தப் பயணத்தில் மனதுக்கு மிக நெருங்கியவை இவைதான். குழுப் பயணங்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகின்றன.

சீயோன் மலையில் ஒரே கட்டடம். கீழ்த்தளத்தில் தாவீது அரசரின் கல்லறை, யூதர்கள் சங்கீதம் ஓதிக்கொண்டிருப்பார்கள், ஆண் பெண் தனித்தனி. முஸ்லிம்களுக்கு இவர் தாவூது நபி. மாடியில் ஆண்டவரின் இராவுணவு நடந்த அறை. அந்த அறையின் சுவரிலேயே தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராப் இருக்கிறது, ஒரு காலத்தில் அது பள்ளிவாசல். வழக்கமாக அங்கே பூசை வைக்க விடமாட்டார்கள், அமைதியாகச் செபிக்கலாம்.

கெத்சமனி பக்கத்தில் மாதாவின் கல்லறை. 47 படி கீழே இறங்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள். மேலே வரிசை வரிசையாகத் தொங்கும் விளக்குகள், எண்ணெய்ப் புகையில் கறுத்த சுவர். கல்லறைக்கு அருகில் சுவரில் ஒரு மாடம். ‘இது கிப்லா மாதிரி இருக்கே’ என்று உம்மாதான் முதலில் கண்டார். ஆமாம், அதுவும் மிஹ்ராப்தான், மரியம் அலைஹிஸ்ஸலாம் முஸ்லிம்களுக்கும் உயர்ந்தவர். உம்மா அதன் முன் கையேந்தி துஆ செய்தார். அம்மா கல்லறைக் கல்லைத் தொட்டுக்கொண்டு செபமாலை சொன்னார். அரை மணி நேரம் யாரும் எங்களை எழுப்பவில்லை.

ஒலிவ மலை உச்சியில் ஆண்டவர் விண்ணேறிய இடம். முஸ்லிம்களின் பொறுப்பில் உள்ள சிறு மண்டபம், உள்ளே பாதச் சுவடு பதிந்ததாக வணங்கும் கல். சிறு கட்டணம், பத்து ஷெக்கல் அளவு, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ‘பரலோக மந்திரம்’ கோவில். பல மொழிகளில் அந்தச் செபத்தை ஓடுகளில் பதித்திருக்கிறார்கள், தமிழிலும் இருக்கிறது, தேடிக் கண்டுபிடியுங்கள். ஞாயிறு விடுமுறை. கத்தோலிக்கக் கோவில்கள் பலவும் மதியம் 12 முதல் 2 வரை மூடியிருக்கும், ஒலிவ மலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மேலே டாக்ஸியில் ஏறி, கீழே நடந்து இறங்குவது முதியவர்களுக்கும் முடியும். ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் ஹைஃபாவில் எலியா தீர்க்கதரிசியின் குகை. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோரும் நேர்ச்சையோடு வரும் இடம்.

9. பெத்லகேமும் ராகேல் கல்லறையும்

டமாஸ்கஸ் வாசல் அருகே உள்ள அரபுப் பஸ் நிலையத்திலிருந்து 231 எண் பஸ் பெத்லகேம் பக்கம் போகும். 234 சோதனைச் சாவடி வரை மட்டுமே. முதியவர்களோடு போனால் 231. ஓய்வுநாளிலும் இந்தப் பஸ்கள் ஓடும் என்பதால், சனிக்கிழமையை பெத்லகேமுக்கு வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது. பெத்லகேம் பாலஸ்தீனப் பகுதியில் இருக்கிறது. போகும்போது சோதனை இல்லை, திரும்பும்போது உண்டு. பாஸ்போர்ட்டும் நீலச் சீட்டும் இல்லாமல் போகாதீர்கள்.

பிறப்புக் கோவிலின் வாசல் ஏறக்குறைய நாலடி உயரம், குனிந்துதான் நுழைய வேண்டும். குகையில் 14 முனை வெள்ளி நட்சத்திரம். இங்கேயும் கட்டணம் இல்லை. பக்கத்துத் தெருவில் பால் குகை, மாதா பாலூட்டியபோது ஒரு துளி சிந்தி வெள்ளையான பாறை என்று நம்பிக்கை. குழந்தை வரம் கேட்டு கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வருகிறார்கள். வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டுகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

பொறி: யாக்கோபின் மனைவி ராகேலின் கல்லறை மேப்பில் பெத்லகேமிலேயே இருப்பது போலத் தெரியும். நடந்து போய்விடலாம் என்று கிளம்பினால் உயரமான தடுப்புச் சுவரில் முட்டி நிற்பீர்கள். எருசலேம் பக்கத்திலிருந்துதான் வழி, அதற்குத் தனிப் பஸ், ஓய்வுநாளில் கிடையாது. ஆகவே வேறொரு நாள் போங்கள்.

பெத்லகேமுக்கு அருகே அல்-கதர் என்ற ஊரில் புனித ஜார்ஜியார் கோவில். முஸ்லிம்கள் அவரை கிள்ர் என்று போற்றுகிறார்கள். மே 5, 6 திருவிழாவுக்கு இரண்டு மதத்தவரும் வருவார்கள்.

10. ஹெப்ரோன்

ஆபிரகாம், சாரா, ஈசாக்கு, ரெபேக்கா, யாக்கோபு, லேயா அடக்கமான இடம். எருசலேமுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். அரபியில் ஊர் பெயர் அல்-கலீல். 1994-க்குப் பிறகு கட்டடத்தையே இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பள்ளிவாசல், ஒரு பக்கம் யூத ஆலயம், இரண்டுக்கும் தனித்தனி வாசல். ஆபிரகாமின் சமாதியை இரண்டு பக்கத்திலிருந்தும் கம்பி வழியாகப் பார்க்கலாம். வெள்ளியன்று பள்ளிப் பக்கம் மற்றவர்களுக்கு இல்லை, சனியன்று யூதப் பக்கம் இல்லை. இரண்டு தரப்புக்கும் வருஷத்தில் பத்துப் பத்து நாள் முழுக் கட்டடமும் கொடுக்கப்படும், அன்று எதிர்த்தரப்புக்கு நுழைவு இல்லை, அந்தத் தேதிகளை விசாரித்துக்கொள்ளுங்கள். சாவடியில் உங்கள் மதம் என்ன என்று கேட்பார்கள். பள்ளிப் பக்கம் முஸ்லிம் அல்லாத பெண்களுக்குத் தலையோடு மூடும் அங்கி கொடுப்பார்கள்.

பதற்றமான ஊர். தனியாகப் போகாமல் உள்ளூர் வழிகாட்டியோடு, விடுதியில் அன்றைய நிலைமையைக் கேட்டுக்கொண்டு போங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடுங்கள்.

11. செலவும் மானியமும்

ஒரு ஷெக்கலுக்கு எத்தனை ரூபாய் என்று கிளம்பும் முன் அன்றைய விலையைச் சரிபாருங்கள். பெரிய புனித இடங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் கையைக் கடிக்கும். ஒரு ஃபலாஃபெல் ரொட்டி 25 ஷெக்கல், இரண்டு வேளை வெளியில் சாப்பிட்டால் தலைக்கு 100 ஷெக்கல் எங்களுக்கு ஆனது. அவல், ஊறுகாய், பருப்புப் பொடி கொண்டு போனது காப்பாற்றியது. பழைய நகரக் கடைகளில் ஒலிவ மரச் சிலுவையும் தஸ்பீஹ் மணியும் முதலில் சொல்லும் விலையில் பாதிக்கு வரும்.

தமிழக அரசு கிறிஸ்தவர்களின் எருசலேம் பயணத்துக்கு மானியம் தருகிறது: 37,000 ரூபாய், அருட்சகோதரிகளுக்கு 60,000. எல்லாப் பிரிவு கிறிஸ்தவர்களும் விண்ணப்பிக்கலாம். போய்வந்த பிறகுதான் பணம் வங்கிக் கணக்கில் ஏறும், அதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். விண்ணப்பப் படிவம் சிறுபான்மையினர் நலத்துறை இணையதளத்தில் கிடைக்கும். அறிவிப்பில் பயணத் தேதிக்கு வரம்பு போட்டிருப்பார்கள், உங்கள் தேதி அதற்குள் வருகிறதா பாருங்கள்.

மானியத்துக்கு விண்ணப்பிக்காவிட்டாலும் போர்டிங் பாஸ், விசா நகல், நீலச் சீட்டு, தங்குமிட ரசீது நான்கையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாததால் நீங்கள் அங்கே போனீர்கள் என்று பின்னால் காட்ட உங்களிடம் வேறு எதுவும் இருக்காது. திரும்பும்போது விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் முன்னதாகப் போங்கள், பெட்டியை யார் அடுக்கியது என்பதிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் கேட்பார்கள். யோர்தான் ஆற்றுத் தண்ணீர் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டியில் பாலித்தீன் சுற்றி வையுங்கள்.